பெஞ்சுக்கு அடியில் ஒரு வாக்கு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வலது கால் சுண்டுவிரலைத் தவிர்த்து நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவின் இருமல் குறைந்ததா? இங்கே இவளும் பிள்ளைகளும் சௌக்கியம்.

இனி எழுதப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ சிரித்தால் எனக்குக் கேட்டுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று சட்டமன்றத்தில் முக்கியமான வாக்கெடுப்பு நடந்த நேரத்தில் உன் தம்பி, மாண்புமிகு உறுப்பினர், பெஞ்சுக்கு அடியில் நாலு காலில் இருந்தான்.

நடந்தது இதுதான். பழைய ஷூவைப் பார்த்துவிட்டு இவள், "இதைப் போட்டுட்டு உள்ள போனா மனு குடுக்க வந்தவர்னு வாசல்லயே நிறுத்திடுவாங்க" என்றாள். புதிது வாங்கினேன். அது கடித்தது. கடைசி வரிசையில் நாங்கள் ஆறு பேர். அவைத்தலைவருக்கு எங்கள் தலை தெரியும், கால் தெரியாது. அதனால் நாங்கள் எல்லோருமே உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றிவிடுவோம். எனக்கு முன்னால் உட்காரும் உறுப்பினருக்குக் கால் ஆட்டும் பழக்கம். ஆட்டிய ஆட்டில் என் வலது ஷூவை எங்கோ முன்னால் தள்ளிவிட்டார்.

அப்போது பார்த்து மணி அடித்தது. எங்கள் அவையில் எழுந்து நின்றுதான் வாக்களிக்க வேண்டும். வரிசை வரிசையாக எண்ணுவார்கள். "ஆதரிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார் அவைத்தலைவர். நான் எதிர்ப்பவன். என் முறை வருவதற்குள் ஷூவை எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். ஒற்றைக் காலில் ஷூவோடு எழுந்து நின்றால் தொலைக்காட்சியில் காட்டுவான்களே! ஷூ மூன்று பெஞ்சு தள்ளி இருந்தது. போனேன். "எதிர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று காதில் விழுந்ததும் எழுந்தேன். மேலே மரப்பலகை இருந்ததை மறந்துவிட்டேன். தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தபோது அவைத்தலைவர் முடிவை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு ஓட்டில் மசோதா நிறைவேறிவிட்டது. நான் நின்றிருந்தால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் எங்கள் அவை வழக்கம்.

எந்த மசோதா என்று நீ கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நகராட்சிக் கடைகள் மசோதா. பழைய வாடகைதாரர்களுக்குக் குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை இனி கிடையாது. கடைகள் எல்லாம் ஏலத்துக்குப் போகும். உன் படச்சட்டக் கடையும்தான்.

கடை வரிசையில் யாராவது கேட்டால் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. நான் யோசித்து எழுதுகிறேன். மாமாவை இருமல் மருந்தை வேளாவேளைக்குக் குடிக்கச் சொல்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்தால் நின்றுவிடுகிறது. உன் சுண்டுவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கடிதத்தைப் படித்து நான் சிரிக்கவில்லை. மாமாதான் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, இருமியதில் மூக்குக்கண்ணாடி விழுந்து, கண்ணாடிக்கு இப்போது நூல் கட்டியிருக்கிறேன். அதற்கும் நீதான் பொறுப்பு.

ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். சொல்லாமல் இருப்பது எப்படி என்று எழுதவில்லை. என் இடது பக்கம் கடிகாரக்காரர், வலது பக்கம் சாவிக்காரர். நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். நான் தும்மினால் இரண்டு பக்கத்திலிருந்தும் "நூறு வயசு" என்று குரல் வரும். செய்தி வந்த அன்றே இரண்டு பேரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா, உங்க தம்பி நமக்காக எழுந்து நிப்பேன்னு சொன்னாரே. நின்னாரா?" என்றார் கடிகாரக்காரர்.

"கேட்டுச் சொல்றேன்."

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? ஒண்ணு நிக்கணும், இல்ல உக்காரணும்" என்றார் சாவிக்காரர்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு படத்துக்குச் சட்டம் அடிக்க ஆணியை உதட்டில் வைத்திருந்தேன், தப்பித்தாய்.

தம்பி, இரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஒரு முறை வந்துவிட்டுப் போ. கடை விஷயமாக நேரில் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதுகிற விஷயம் இல்லை. போனிலும் முடியாது, இங்கே பலகைச் சுவர், அங்கே உன் போனை யார் எடுப்பார்களோ.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலம் என்று படித்ததில் நிம்மதி. உன் கடிதத்தை எனக்கு முன்பே படித்துவிட்டு மேஸ்திரி அரைமணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி என்பது என் உதவியாளனுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். எந்த விரிசலையும் பூசி மெழுகிவிடுவான். எனக்கு வரும் கடிதம் எதுவானாலும் அவன் பிரித்துப் படித்துக் குறிப்பு எழுதி வைத்த பிறகுதான் என் மேஜைக்கு வரும். உன் கடிதத்தின் மேல் "உறவு, புகார், அவசரமில்லை" என்று எழுதியிருந்தான்.

நேரில் வர ஆசைதான். இப்போது வந்தால் கடைக்காரர்கள் என்னை உன் கடையிலேயே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். கூட்டத்தொடர் முடியட்டும்.

அதற்குள், வழக்கம்போல் தொகுதி மக்களுக்கு "நான் எப்படி வாக்களித்தேன், ஏன்?" என்ற சுற்றறிக்கை தயாராகிவிட்டது. இந்தத் தடவை நாலு மசோதா. ஒலிபெருக்கியை இரவில் நிறுத்தும் மசோதாவை ஆதரித்தேன். காரணம், மக்களின் உறக்கம் என்று போட்டிருக்கிறோம். என் படுக்கையறைக்கு எதிரே ஒரு மண்டபம் இருப்பதைப் போடவில்லை. முடிதிருத்தும் கடைகளுக்குக் கட்டணம் உயர்த்துவதை எதிர்த்தேன். காரணம், சிறுதொழில் பாதுகாப்பு. எனக்குச் சவரம் செய்பவர் கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, "அந்த மசோதா என்ன சார் ஆச்சு?" என்று கேட்டதைப் போடவில்லை. திறந்த கிணறுகளுக்கு மூடி போடும் மசோதாவை ஆதரித்தேன். அதை ஆதரித்த பிறகுதான் படித்தேன். நல்ல வேளை, நல்ல மசோதா.

நாலாவதில்தான் பேனா நின்றது.

"ஷூ தேடினேன்னு எழுத முடியாது சார்" என்றான் மேஸ்திரி.

"வயித்துவலி?"

"போன கூட்டத்தொடர்ல எழுதிட்டோம்."

"பின்ன என்னதான்யா எழுதறது?"

"அந்த வரிசைல உங்க அக்கா கடை இருக்குல்ல சார்?"

"இருக்கு."

"அப்ப காரணம் கிடைச்சிடுச்சு. சொந்தக்காரங்க லாபம் இருக்கற விஷயத்துல ஓட்டுப் போடாதேன்னு உங்க மனசாட்சி சொல்லியிருக்கு."

"எப்பய்யா சொல்லுச்சு?"

"இப்பதான் சார்."

ஆக, சுற்றறிக்கையில் வருவது இது: "என் உடன்பிறந்த சகோதரியின் கடை அவ்வரிசையில் இருப்பதால், குடும்ப நலன் கலந்த விஷயத்தில் வாக்களிப்பது முறையல்ல எனக் கருதி, எந்தப் பக்கமும் நிற்காமல் நடுநிலை வகித்தேன்." நடுநிலை என்பது ஒரு வகையில் சரிதான். மூன்று பெஞ்சுக்கு நடுவில்தான் இருந்தேன்.

உன்னைக் கேட்காமல் இழுத்துவிட்டதற்கு மன்னித்துக்கொள். ஷூ விஷயம் நம் இரண்டு வீட்டோடு இருக்கட்டும். மாமாவுக்குப் புது மூக்குக்கண்ணாடி அனுப்புகிறேன்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

மூக்குக்கண்ணாடி வந்தது. மாமாவுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. உன் சுற்றறிக்கையைத்தான் முதலில் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சுற்றறிக்கையைப் பேருந்து நிலையத்துத் தூணில் ஒட்டியிருக்கிறார்கள். கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கடிகாரத்துக்குள் தூசி பார்ப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு என் கடை வாசலுக்கு வந்தார்.

"அப்ப, உங்க கடை மட்டும் இங்க இல்லாம இருந்திருந்தா, அவர் நமக்காக நின்னிருப்பாரு."

"அப்படியில்லைங்க."

"அப்படித்தானேம்மா எழுதியிருக்கு? அச்சுல இருக்கே."

சாவிக்காரர் தன் கடைக்குள் போய் அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்துவிட்டார். மதியம் வழக்கமாக மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தட்டில் டீ வரும். அன்றிலிருந்து எனக்குத் தனியாக வருகிறது.

உனக்கு ஷூ தொலைந்தது. எனக்கு இரண்டு பக்கத்து மனிதர்கள் தொலைந்தார்கள். ஏலத்தில் கடை போவதைவிட இது ஒன்றும் பெரிதில்லை என்று மாமா சொல்கிறார். அவர் வீட்டில் இருக்கிறார், சொல்லலாம். நான் கடை திறந்து அடைப்பது வரை அவர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும்.

கேட்பது ஒன்றுதான். அந்த வரியை எடுத்துவிடு. குடும்பம், கடை என்று எதுவும் வேண்டாம். வயிற்றுவலி என்றே போடு. உன் வயிற்றை ஊர் நம்பும். வருத்தத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். நேரில் வா, ஏன் என்று சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சுண்டுவிரல் ஆறிவிட்டது. உன் கடிதம் படித்துக் கஷ்டமாக இருந்தது. அந்த டீ விஷயம் குறிப்பாக.

ஆனால் வரியை எடுக்க முடியாத இடத்துக்கு விஷயம் போய்விட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டுத் தலையங்கமே எழுதிவிட்டார். தலைப்பு, "எழுந்து நிற்காமல் உயர்ந்து நின்றவர்." நானே இரண்டு தடவை படித்தேன், யாரைச் சொல்கிறார் என்று. இவள் அதைப் படித்துவிட்டு, "வீட்ல கூட நீங்க நிக்க வேண்டிய இடத்துல நின்னதில்ல. அதுக்கும் யாராவது தலையங்கம் எழுதுவாங்களா?" என்று கேட்டாள்.

அவைத்தலைவர் நடைபாதையில் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் பெயரே தெரியாமல் இத்தனை வருஷமாக "கடைசி வரிசை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட வழிவிட்டு நிற்கிறார்கள். அக்கா, உனக்குத் தெரியும், எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு ஓட்டப்பந்தயத்தில். அதுவும் நாய் துரத்தியதால் வந்தது.

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. நேரில் வந்து திட்டு வாங்கத் தயார். கூட்டத்தொடர்தான் நீண்டுகொண்டே போகிறது.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதிலே இல்லை. போன் செய்தால் மாமா எடுத்து, "உங்க அக்கா கண்ணாடி அறுத்துட்டிருக்கா" என்கிறார். நீ எத்தனை நாளாக ஒரே கண்ணாடியை அறுக்கிறாய்?

சும்மா இருக்கவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உன் கடை வரிசைக்கு மட்டும் ஏதாவது விலக்கு வாங்க முடியுமா என்று அமைச்சரைப் பார்க்கக் கிளம்பினேன். மேஸ்திரி வாசலில் மறித்துவிட்டான்.

"எங்க சார் போறீங்க?"

"அக்கா கடைக்காக ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்."

"சார்! அக்கா கடைங்கறதால ஓட்டே போடாத மனுஷன், அக்கா கடைக்காக அமைச்சர் வீட்டுக்குப் போறதா? தலையங்கம் எழுதினவர் வீடு எதிர் வீடு சார்."

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அயோக்கியன் என்று பெயர் இருந்த காலத்தில் அக்காவுக்கு ஒரு தையல் மிஷின், மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் என்று எதையாவது செய்ய முடிந்தது. யோக்கியன் என்று பெயர் வந்ததிலிருந்து உனக்கு ஒரு துரும்பையும் எடுத்துப் போட முடியவில்லை.

உனக்கு நோட்டீஸ் வந்துவிட்டதா? வந்தால் உடனே சொல்.

உன் அன்புத் தம்பி


மே 14

தம்பிக்கு,

நலம். கண்ணாடி அறுத்து முடித்துவிட்டேன்.

நோட்டீஸ் எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆகஸ்டில் ஏலம். ஒரே ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். இப்போது கடை யார் பெயரில் இருக்கிறதோ, அவர் ஏலத்தன்று நேரில் வந்து எழுந்து நின்று, "இது என் கடை, அந்த விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அவருக்குத்தான் முதல் உரிமை. கடிகாரக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. மகனிடம் பணம் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். சாவிக்காரரும் எடுத்துவிடுவார்.

எனக்கு நோட்டீஸ் வரவில்லை.

போன வாரம் உன் கட்சிக்காரர்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். கையில் அந்தத் தலையங்கம். பெரிதாக, பளபளப்பாக, தங்கக் கரை வைத்துச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டுமாம், கட்சி அலுவலகத்தில் மாட்டுவதற்கு.

"நீங்க அக்காங்கறதால பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார்கள்.

"அக்காங்கறதாலதான் ஓட்டே போடலியாம். நான் மட்டும் பாத்துப் போடலாமா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டு முழு விலையும் கொடுத்தார்கள். கண்ணாடி வைக்கும்போது உன் படத்தின் மேல் ஒரு எறும்பு ஓடிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டுத்தான் மூடினேன்.

முழங்கால் பரவாயில்லை. எப்போது வருகிறாய்?

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு நோட்டீஸ் வரவில்லை என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். நாற்காலி சாட்சி. நகராட்சிக்காரர்களுக்கு என்மேல் பயம் வந்துவிட்டது! நான் ஒரு வார்த்தை சொல்லாமலே உன் கடையைத் தொடப் பயப்படுகிறார்கள். நல்ல பெயருக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ நிம்மதியாக இரு.

இன்னொரு செய்தி. அவைத்தலைவர் என்னை உறுப்பினர் நன்னடத்தைக் குழுவுக்குத் தலைவராகப் போட்டுவிட்டார். தனி அறை, ஜன்னல், சுழலும் நாற்காலி. முதல் கூட்டத்திலேயே ஒரு விதியை நானே சொல்லி எழுத வைத்தேன். உன்னால் வந்த பெருமை என்பதால் உன்னையே நினைத்துக்கொண்டு எழுதியது. அரசாங்க இடமோ நகராட்சி இடமோ குத்தகைக்கு வைத்திருக்கும் உறுப்பினர் அதை அறிவித்தாக வேண்டும். ஜூலை முதல் தேதியிலிருந்து அமல். குழுவில் ஒரு பெரியவர் "இவ்வளவு கண்டிப்பு வேணாமே" என்று இழுத்தார். "மடியில கனம் இருக்கறவங்கதான் பயப்படணும்" என்று ஒரு போடு போட்டேன். அவர் அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இவள் என்னைக் குழுத் தலைவரே என்று கூப்பிட்டுத்தான் குப்பையை வெளியே வைக்கச் சொல்கிறாள்.

மாமா இருமல் இல்லாமல் இருக்கிறாரா?

உன் அன்புத் தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

நலம். மாமாவும் நலம்.

அந்த விதியில் ஒரு சந்தேகம். ஒருவர் தன் பெயரில் கடை இருப்பதே தெரியாமல் அறிவிக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். மாமாவும் நானும் சாப்பிடும்போது பேச்சு வந்தது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அரசியல் பேச ஆரம்பித்ததில் எனக்குச் சந்தோஷம். பதில் சுலபம்: பதவி போய்விடும். தெரியாது என்று சொன்னாலும் போகும். அதையும் நான்தான் சேர்த்தேன். "தன் பேர்ல இருக்கறது தெரியாம கடை வெச்சிருக்க அது என்ன பஸ்ல விட்ட குடையா?" என்று கேட்டேன். குழுவே சிரித்தது.

சரி, விளையாட்டு போதும். இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். தனி டீ என்று எழுதியிருந்தாயே, அங்கேயே நின்றுவிட்டேன். உனக்கு நோட்டீஸ் வராமல் இருப்பதும் எத்தனை நாளைக்கு? கடிகாரக்காரர் ஏலத்தில் நிற்கும்போது நீ மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால், தம்பி தயவு என்றுதான் சொல்வார்கள். அப்புறம் அந்த வரிசையில் நீ இருந்தும் இல்லாதது மாதிரி.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இருபத்து நாலாம் தேதி வருகிறேன். கடைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஷூ கதையை ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். அக்காவுக்காகவும் இல்லை, மனசாட்சிக்காகவும் இல்லை, நான் பெஞ்சுக்கு அடியில் இருந்தேன் என்று. சிரிப்பார்கள். தலையங்கத்தைக் கழற்றிவிடுவார்கள். குழுத் தலைவர் பதவியும் போகலாம். நாற்காலி சுழல்வதில் எனக்குத் தலைதான் சுற்றுகிறது. மறுபடி சாதாரண ஆளாகிவிட்டால் அமைச்சரிடம் போய் உன் கடைக்காகக் கெஞ்சலாம். கெஞ்சுவது எனக்கு நன்றாக வரும்.

மேஸ்திரியிடம் இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுப்பார், மேஸ்திரி கேட்டாலும் தரமாட்டார். அவருக்கு முதலில் சாப்பிட ஏதாவது கொடு. பேருந்தில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்திருப்பார். இருமினால் வெந்நீர்.

இருபத்து நாலாம் தேதி வா. ஷூ கதையைச் சொல். கடிகாரக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனையோ நாளாகிறது. நீ மேலே எழுந்து தலையை இடித்துக்கொண்ட இடத்தில் அவர் சிரித்துவிடுவார், எனக்குத் தெரியும். அமைச்சரிடம் மட்டும் போகாதே. யாரிடமும் கெஞ்சாதே.

எனக்கு நோட்டீஸ் வராததற்குக் காரணம் உன்மேல் பயம் இல்லை. அது உனக்கு வந்தது. நம் பழைய வீட்டு விலாசத்துக்குப் போய், அங்கே யாரும் இல்லாமல் திரும்பி, நேற்றுத்தான் கடைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் பார்ப்பதற்குள் கிழித்துவிட்டேன். கடை உன் பெயரில் இருக்கிறது, தம்பி. ஆரம்பத்திலிருந்தே.

உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நீ வேலை எதுவும் இல்லாமல், பேசிப் பேசியே ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் எதைச் சொல்வது? அப்போதுதான் எனக்கு இந்தக் கடை கிடைத்திருந்தது. குத்தகையை உன் பெயரில் போட்டால் மாப்பிள்ளைக்குச் சொந்தக் கடை என்று சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. நீட்டிய இடத்தில் நீ கையெழுத்துப் போட்டாய். என்ன என்று கேட்கவில்லை. "முடிஞ்சுதா, நான் போலாமா?" என்றுதான் கேட்டாய். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீ தேர்தலில் நின்றாய், ஜெயித்தாய், ஊரை விட்டுப் போனாய். மாற்ற வேண்டுமானால் நீ நேரில் வர வேண்டும். நீ வரவில்லை. வாடகை கட்டிக்கொண்டிருந்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ எழுந்து நின்றிருந்தால், உன் சொந்தக் கடைக்கே ஓட்டுப் போட்டவன் என்று ஆகியிருக்கும். இதைத்தான் நேரில் சொல்லக் கூப்பிட்டேன். கடிதத்தில் எழுதினால் மேஸ்திரி அதற்கும் ஏதாவது பூசியிருப்பான்.

ஏலம் அறிவித்த பிறகு பெயரை மாற்ற முடியாதாம், திருப்பிக் கொடுக்கத்தான் முடியுமாம். மாமா ஒரு தாள் கொண்டுவருகிறார். கடையை நகராட்சிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறது. ஜூலை முதல் தேதிக்குள் அது அங்கே போய்ச் சேர வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. நீ ஏலத்தன்று வந்து எழுந்து நின்று "இது என் கடை" என்று சொன்னால் கடை எனக்கு நிற்கும், நீ நிற்கமாட்டாய். அது எனக்கு வேண்டாம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறேன். வெளிச்சம் குறைவு, ஆனால் இரண்டு பக்கமும் செங்கல் சுவர். மேஜையும் கண்ணாடி அறுக்கும் பலகையும் போய்விட்டன. சாவிக்காரர்தான் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். ஏன் காலி செய்கிறாய் என்று கேட்டார். முழங்கால் என்று சொன்னேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

போன வாரம் உன் பெண்டாட்டி போன் செய்தபோது, அந்தக் காலத்தில் உனக்குக் கடை இருக்கிறது என்று நம்பித்தானே அவள் வீட்டில் சம்மதித்தார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "கடையா, எந்தக் கடை?" என்றாள். அவள் அப்பா கடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். வந்த மாப்பிள்ளைகளில் நீ ஒருவன்தான் அவரைச் சிரிக்க வைத்தாயாம்.

உன் அக்கா